மருத்துவமனைப் பதிவேடு சொல்லும் பாடம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. நோய் வந்தபின் மருந்து தேடுவது மருத்துவத்தின் ஒரு பாதியே. அந்நோய் ஏன் வந்தது, யாரை அதிகமாகத் தாக்குகிறது, வராமல் தடுக்க வழி உண்டா என்று ஆராய்வது அதன் மறுபாதி. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோய் இன்னது என்று அறிவதோடு நின்றுவிடாமல் அதன் காரணத்தையும் அறிய வேண்டும் என்றே மருத்துவருக்கு வழிகாட்டுகிறார்.

ஆனால் காரணத்தை அறிவது எப்படி? கிருமியால் வரும் நோய் என்றால் நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்துவிடலாம். புற்றுநோய், மாரடைப்பு போன்றவை அப்படிப்பட்டவை அல்ல. இருபது முப்பது ஆண்டுகள் உடலுக்குள் மெல்ல வளர்ந்து ஒருநாள் வெளிப்படுபவை. அவற்றின் காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர்களுக்குப் பெரிதும் உதவியவை விலை உயர்ந்த கருவிகள் அல்ல. மருத்துவமனைப் பதிவேடும், நோயாளியிடம் கேட்ட எளிய கேள்விகளும், அவர் சொன்ன உண்மையான பதிலுமே ஆகும். நம் தென்பாண்டிச் சீமைக்கு மிக அருகிலேயே நடந்த இந்த ஆராய்ச்சியின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். வெற்றிலையும் பீடியும் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்ட நம் வட்டாரத்திற்கு இது ஏட்டுப் பாடம் மட்டுமன்று, வீட்டுப் பாடமும் ஆகும்.

ஆபத்துக் காரணி என்றால் என்ன?

ஒரு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்ற பழக்கம், உடல்நிலை, உணவு, தொழில் ஆகியவற்றை மருத்துவர்கள் 'ஆபத்துக் காரணி' என்பர். இரத்த அழுத்தம் கூடியிருப்பது பக்கவாதத்திற்கு ஓர் ஆபத்துக் காரணி. புகை பிடித்தல் நுரையீரல் புற்றுநோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆபத்துக் காரணி உள்ள எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. அது இல்லாதவருக்கு நோய் வரவே வராது என்பதும் இல்லை. "எங்கள் பாட்டி தொண்ணூறு வயதுவரை புகையிலை போட்டார், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். மழைநாளில் குடையின்றிப் போன ஒருவர் நனையாமல் வீடு சேர்வதும் உண்டு. அதனால் குடை வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஒருவரைப் பார்த்தால் விதிவிலக்கே நம் கண்ணில் படக்கூடும். நூற்றுக்கணக்கானவரைப் பார்க்கும்போதுதான் விதி புலப்படும். மருத்துவமனை, நூற்றுக்கணக்கானவர் வந்து சேரும் இடம். எனவே அது சிகிச்சைக் கூடமாக மட்டுமின்றி ஆராய்ச்சிக் கூடமாகவும் விளங்குகிறது.

நெய்யூர் காட்டிய வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணியைத் தொடங்கினர். அக்காலத்தில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நமது செங்கோட்டையும் அன்று அச்சமஸ்தானத்தைச் சேர்ந்ததே. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் இவ்விரு பகுதிகளும் நம் மாநிலத்தோடு இணைந்தன.

நெய்யூருக்கு வந்த நோயாளிகளிடம் ஒரு விந்தையை மருத்துவர்கள் கண்டனர். ஐரோப்பாவில் அரிதாகக் காணப்பட்ட வாய்ப்புற்று இங்கே மிக அதிகமாக இருந்தது. கன்னத்தின் உட்பக்கத்திலும் ஈறிலும் நாக்கிலும் புண்ணோடு ஏழைகள் வந்த வண்ணம் இருந்தனர். அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்ததோடு மருத்துவர்களின் வேலை முடிந்துவிடவில்லை. வந்தவர் யார், நோய் எந்த இடத்தில், சிகிச்சை என்ன, முடிவு என்ன என்று பொறுமையாக எழுதி வைத்தனர்.

அந்த உழைப்பின் பயன் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. டாக்டர் ஃபெல்ஸ் என்பவர் தென்னிந்தியாவின் வாய்ப்புற்றைப் பற்றி, 209 அறுவைச் சிகிச்சைகளைப் பகுத்துப் பார்த்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதே ஆண்டில் அதே இதழில் டாக்டர் பெண்டால் என்பவர் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. மின்விளக்கே அரிதான காலமும்கூட. அப்போது 1,700 பேரின் விவரத்தைக் கையால் எழுதிச் சேர்த்து, வகை பிரித்து, எண்ணிப் பார்ப்பது எத்தகைய உழைப்பு என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் அதே நெய்யூரில் பணியாற்றியவர்களுள் ஒருவர் டாக்டர் ஹோவர்டு சோமர்வெல். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்ற மலையேறும் வீரர் அவர். 1922ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பின் நெய்யூரைப் பார்க்க வந்தவர், மருத்துவருக்காகக் காத்துக் கிடந்த மக்கள் கூட்டத்தைக் கண்டு மனம் மாறி, இலண்டனில் கிடைக்கவிருந்த வசதியான வாழ்வை விட்டு இங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1933ஆம் ஆண்டில் டாக்டர் ஆர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றின் காரணம், தன்மை, சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஆராய்ந்து எழுதினார். வெற்றிலையோடு சேரும் புகையிலையின்மேல் உலக மருத்துவர்களின் பார்வை விழத் தொடங்கிய காலம் இது.

ஒப்பிடுவதே உயிர்நாடி

வாய்ப்புற்றோடு வந்தவர்களில் பெரும்பாலோர் வெற்றிலை போடுபவர் என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது. ஏனெனில் அவர்களில் பெரும்பாலோர் சோறும் உண்பவர்களே! சோற்றைக் குற்றம் சொல்ல முடியுமா? நோய் இல்லாதவரும் அதே அளவு சோறு உண்கிறார் என்பதால்தான் சோற்றின்மேல் நாம் குற்றம் சுமத்துவதில்லை. அதுபோலவே, நோய் இல்லாதவரில் எத்தனை பேர் வெற்றிலையும் புகையிலையும் போடுகின்றனர் என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். இந்த ஒப்பீடே இத்தகைய ஆராய்ச்சியின் உயிர்நாடி.

இந்த முறையை ஒழுங்காக வகுத்துக் காட்டியவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் லேன்-கிளேபன் அம்மையார், 1926ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுநோய் கண்ட 500 பெண்களையும், அந்நோய் இல்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டார். இரு சாராரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. திருமண வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, தாய்ப்பால் கொடுத்த விவரம் முதலியவை அவற்றில் அடங்கும்.

1950ஆம் ஆண்டில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர் இலண்டன் நகர மருத்துவமனைகளில் இதே முறையைக் கையாண்டனர். நுரையீரல் புற்றுநோய் கண்ட 709 பேரையும், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 709 பேரையும் ஒப்பிட்டனர். நோயாளிகளின் படுக்கையருகே சென்று கேள்வி கேட்டுக் குறித்து வந்தவர்கள், மருத்துவமனைகளில் ஏழைகளின் நலன் கவனிக்கும் பணியில் அனுபவம் பெற்ற நான்கு பெண்மணிகள். முடிவு என்ன? நுரையீரல் புற்றுநோய் கண்ட ஆண்கள் 649 பேரில் புகை பிடிக்காதவர் வெறும் 2 பேர். ஒப்பிட எடுத்துக்கொண்ட 649 ஆண்களில் புகை பிடிக்காதவர் 27 பேர். அதிகமாகப் புகைத்தவர்க்கு ஆபத்தும் அதிகமாக இருந்தது. டால் தாமும் புகை பிடிப்பவராக இருந்தவர். தம் ஆராய்ச்சியின் முடிவைக் கண்டு அப்பழக்கத்தை விட்டொழித்தார். தான் கண்ட உண்மைக்குத் தானே முதலில் கட்டுப்படுவது அல்லவா அறிஞர்க்கு அழகு!

ஒரு சிறு கணக்கு

கணக்கில் ஆர்வம் உள்ள மாணவிகளுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. எண்கள் நாம் விளக்கத்திற்காக வைத்துக் கொண்டவை.

ஒரு மருத்துவமனையில் வாய்ப்புற்று கண்டவர் 100 பேர். அவர்களில் புகையிலை போடுபவர் 80 பேர், போடாதவர் 20 பேர். அதே வயதும் அதே ஊர்ப்பக்கமும் கொண்ட, வேறு நோய்க்காக வந்த 100 பேரைக் கேட்கிறோம். அவர்களில் புகையிலை போடுபவர் 40 பேர், போடாதவர் 60 பேர்.

முதல் கூட்டத்தில் 80ஐ 20ஆல் வகுத்தால் 4 வரும். இரண்டாம் கூட்டத்தில் 40ஐ 60ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வரும். 4ஐ மூன்றில் இரண்டால் வகுத்தால் கிடைப்பது 6. புகையிலை போடுபவருக்கு அந்நோயின் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு என்று இதற்குப் பொருள். விடை 1 என்று வந்தால் அப்பழக்கத்திற்கும் நோய்க்கும் தொடர்பில்லை எனலாம். 1க்குக் குறைந்தால் அது நோயிலிருந்து காப்பதாகவும் இருக்கலாம். நாம் பள்ளியில் படிக்கும் பின்னக் கணக்கு இத்தனை பெரிய உண்மையைச் சொல்லவல்லது!

வழியில் உள்ள பள்ளங்கள்

கணக்கு எளிது. ஆனால் அதற்குள் போடும் எண்கள் உண்மையாக இருக்க வேண்டுமே! ஆராய்ச்சியாளர் விழுந்துவிடக்கூடிய பள்ளங்கள் பல உண்டு.

முதலாவது, நினைவு. நோய் வந்தவர் "எதனால் வந்ததோ" என்று இரவு பகலாக யோசித்துப் பழைய செய்திகளையெல்லாம் நினைவுக்குக் கொண்டு வருவார். நோயில்லாதவர் அவ்வளவு யோசிப்பதில்லை. ஆகவே இருவர் பதிலும் ஒரே தரத்தில் அமைவதில்லை.

இரண்டாவது, கேட்பவரின் மனம். விடை இதுதான் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு கேட்டால், நோயாளியின் வாயிலிருந்து அவ்விடையே வரும்படி கேட்டுவிடுவோம். டாலும் ஹில்லும் இதைச் சோதித்துப் பார்த்தனர். முதலில் நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பின்பு அந்நோய் இல்லை என்று தெளிவான சிலர் இருந்தனர். கேள்வி கேட்டபோது அவர்களுக்குப் புற்றுநோய் என்றே கேட்டவர் நினைத்திருந்தார். ஆயினும் அவர்களுடைய புகைப்பழக்கம் நோயில்லாதவரின் பழக்கத்தை ஒத்திருந்தது. கேட்டவர்கள் நேர்மையாகவே கேட்டனர் என்பது இதனால் உறுதியாயிற்று.

மூன்றாவது, கலந்து நிற்கும் காரணங்கள். புகையிலை போடும் ஒருவர் மதுவும் அருந்துபவராக இருக்கலாம். சத்துள்ள உணவு கிடைக்காதவராகவும் இருக்கலாம். எது குற்றவாளி, எது உடன் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மது அருந்தாதவரை மட்டும் தனியே எடுத்து, அவர்களிலும் புகையிலை தீங்கு செய்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி.

நான்காவது, வெட்கமும் அச்சமும். இதுவே பெண்களைப் பொறுத்தவரை பெரும் பள்ளம். மாமியார் அருகில் நிற்க, "புகையிலை போடுவீர்களா அம்மா?" என்று கேட்டால், மருமகள் உண்மை சொல்வாளா? மகன் முன்னால் தாய் சொல்வாளா? தனியே, மரியாதையாக, குற்றம் சாட்டும் தொனியின்றிக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். எனவேதான் இப்பணியில் செவிலியரின் பங்கும் சமூகப் பணியாளரின் பங்கும் மருத்துவரின் பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

அடையாற்றில் எழுந்த ஆலயம்

நம் மாநிலத்தில் இப்பணிக்குப் பெரும் அடித்தளம் இட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற அவர், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தைக் கண்ணீரோடு கரைத்துவிடாமல் ஒரு கனவாக வளர்த்தார். பல ஆண்டுகள் பலர் வாசலில் ஏறி இறங்கியபின், 1954ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையம் உருவாயிற்று. தொடக்கத்தில் அங்கிருந்தவை 12 படுக்கைகளே.

மறு ஆண்டிலேயே அந்நிலையத்தில் சேர்ந்தவர் டாக்டர் வி. சாந்தா. அவரும் முத்துலட்சுமி அம்மையாரின் மகனான டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் பகலெல்லாம் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே ஆராய்ச்சியையும் விடாது நடத்தினர். வாய்ப்புற்று ஏன் வருகிறது என்பதைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு 1959ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் வெளிவந்தது. 1963இல் அதன் தொடர்ச்சியும் வந்தது. நெய்யூரில் தொடங்கிய கேள்விக்குச் சென்னையில் மேலும் விடை தேடப்பட்டது. டாக்டர் சாந்தா 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையத்தின் வளாகமே அவருக்கு இல்லமாக இருந்தது.

இப்படிப் பல நாடுகளிலும் பல மருத்துவமனைகளிலும் சேர்ந்த சான்றுகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985ஆம் ஆண்டில் அறிவித்தது. 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று தெளிவாக்கியது. "வெறும் வெற்றிலை பாக்குதானே" என்றும் "வாசனைப் பாக்குதானே" என்றும் நாம் சமாதானம் சொல்லிக்கொள்ள இனி இடமில்லை.

இதயத்தைக் கேட்டபோது

புற்றுநோய்க்குப் பயன்பட்ட இதே முறை இதயநோய்க்கும் பயன்பட்டது. இந்தியக் கத்தோலிக்க ஆயர்களால் 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பிரேம் பாயிஸ் அவர்களும் உடன் பணிபுரிந்தோரும், முதன்முறையாக மாரடைப்பு கண்ட 200 பேரையும், அது இல்லாத 200 பேரையும் ஒப்பிட்டு 1996இல் லான்செட் இதழில் எழுதினர். நாளொன்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சிகரெட்டோ பீடியோ பிடிப்போருக்கு ஆபத்து ஆறு மடங்குக்கும் அதிகம் என்று கண்டனர். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு ஆகியவையும் குற்றவாளிகளின் வரிசையில் நின்றன. பீடி சிறியது, ஆகவே தீங்கும் சிறியது என்று எண்ணியிருந்தவர்க்கு இது நல்ல பதில்.

அக்கல்லூரியில் பயின்று பின்னர் கனடாவில் பணியாற்றிய டாக்டர் சலீம் யூசுப், இம்முறையை உலக அளவில் விரித்தார். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில் 52 நாடுகள் பங்கு பெற்றன. மாரடைப்பு கண்டவர் 15,152 பேர். ஒப்பிட எடுத்தவர் 14,820 பேர். புகைத்தல், இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் காய்கறியும் உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுவின் நிலை ஆகிய ஒன்பதுமே உலகின் மாரடைப்புகளில் மிகப் பெரும்பகுதிக்குக் காரணம் என்று தெரிந்தது. இந்த ஒன்பதில் பலவும் நம் கையில் உள்ளவை. காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்ற சுரண்டையில் வாழும் நமக்கு ஒரு கேள்வி: மூட்டை மூட்டையாக வெளியூருக்குப் போகும் காயில், நம் வீட்டுத் தட்டுக்கு எவ்வளவு வருகிறது?

நோயாளியின் உரிமை

ஆராய்ச்சி நல்லதுதான். ஆயினும் நோயாளி ஓர் ஆராய்ச்சிப் பொருள் அல்லர். நம்மைப் போன்ற மனிதர். 1964ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரில் கூடிய உலக மருத்துவர் சங்கம் இதற்கான நெறிகளை வகுத்தது. எதற்காகக் கேட்கிறோம் என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அவர் சம்மதித்தால்தான் கேட்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. அவர் சொன்னதை அவர் பெயரோடு வெளியே சொல்லக் கூடாது. இவற்றை நாம் தெரிந்து வைத்திருந்தால், நம் வீட்டார் மருத்துவமனையில் இருக்கும்போது தயங்காமல் கேட்கலாம். அச்சமின்றிப் பதிலும் சொல்லலாம்.

வாயைத் திறந்து பார்த்ததன் பயன்

காரணம் தெரிந்துவிட்டது, அதனால் உயிர் பிழைத்ததா? இதற்கும் விடை நம் அண்டையிலேயே கிடைத்தது. மலைக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1990களின் நடுவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கிற்று. 13 பகுதிகளில் சுமார் 1,90,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். சில பகுதிகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தனர். அவ்வளவே. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினர். மற்றப் பகுதிகளில் வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்தது.

2005ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, வாயைப் பார்த்த பகுதிகளில் வாய்ப்புற்றால் ஏற்பட்ட மரணம் மற்றப் பகுதிகளைவிட 34 விழுக்காடு குறைந்திருந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை. யாருடைய வாயைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும் என்ற அறிவும், பார்க்கும் கண்ணும் இருந்தன. அந்த அறிவை நமக்குத் தந்தவர்கள், பல்லாண்டுகளுக்கு முன் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி உண்மையைச் சொன்ன பெயர் தெரியாத நோயாளிகளே.

நம் வட்டாரமும் நம் கடமையும்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் பீடி சுற்றாத தெரு அரிது. திண்ணையில் பீடித்தட்டை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி, பீடிக்கடையில் கணக்குக் கொடுத்து வரும் அம்மாக்களும் அக்காக்களும் எத்தனை பேர்! நம்மில் பலருடைய புத்தகமும் சீருடையும் அந்த விரல்களின் உழைப்பால் வந்தவை. அந்த உழைப்பை நாம் ஒருபோதும் இழிவாகப் பேச மாட்டோம்.

ஆனால் உழைப்பை மதிப்பது வேறு, ஆபத்தை மறைப்பது வேறு. புகையிலைத் தூள் மூச்சோடு உள்ளே போகிறது. பீடி சுற்றுவோரின் சிறுநீரைச் சோதித்த ஆய்வுகளில், பீடி பிடிக்காதவராக இருந்தும் புகையிலையின் நஞ்சு உடலுக்குள் சென்றிருப்பது தெரிந்தது. ஆகவே சுற்றும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளலாம். தொட்டில் குழந்தையை அருகில் போட வேண்டாம். உண்ணும் முன்பும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். தூள் கிடக்கும் அறையில் சோற்றுப் பானையும் தண்ணீர்க் குடமும் திறந்திருக்கக் கூடாது. இவை எதற்கும் காசு செலவில்லை.

வெற்றிலைச் செல்லத்தைப் பற்றியும் ஒரு சொல். அது விருந்தின் அடையாளம், திருமண வீட்டின் மங்கலம் என்பதை நாம் மறுக்கவில்லை. தாம்பூலம் வைத்து அழைக்கும் மரியாதை அப்படியே இருக்கட்டும். கொடுப்பில் புகையிலையை அடக்கிக்கொண்டு வேலை செய்வதும், அப்படியே உறங்கிப் போவதுமே நாம் ஒழிக்க வேண்டியவை. பல்வலிக்குப் புகையிலை மருந்து என்று சிறுமிகளுக்குக் கொடுத்துப் பழக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை இன்றே நிறுத்த வேண்டும். பல்வலிக்குப் பல் மருத்துவர் இருக்கிறார்.

மாணவிகளாகிய நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, வீட்டில் புகையிலை, பாக்கு, பீடி, மது ஆகிய பழக்கம் உள்ள பெரியவர்களின் வாயை மாதம் ஒருமுறை வெயில் வெளிச்சத்தில் பார்ப்பது. பாட்டிகள் பேத்திக்கு மறுக்க மாட்டார்கள்! வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், கட்டி, வாயை முழுதும் திறக்க முடியாமை, காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தென்காசி அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். புண் எல்லாம் புற்று அல்ல. ஆனால் பார்க்காத புண் ஆபத்து. தொடக்கத்தில் கண்டால் குணமாக்க முடியும். "வலிக்கவில்லையே" என்று காத்திருப்பதுதான் பலரை இழக்கச் செய்தது. இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இரண்டாவது, மருத்துவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லும்படி வீட்டாரை ஊக்குவிப்பது. கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தால், "தனியாகச் சொல்ல வேண்டும் டாக்டர்" என்று கேட்கும் உரிமை உண்டு. பழக்கத்தை விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.

மூன்றாவது, நம்மில் சிலராவது இத்துறையைத் தேர்ந்தெடுப்பது. மருத்துவராக மட்டுமல்ல, செவிலியராக, புள்ளியியல் வல்லுநராக, சமூகப் பணியாளராகவும் ஆகலாம். லேன்-கிளேபன் அம்மையாரும், இலண்டனில் படுக்கை படுக்கையாகச் சென்று கேட்ட அந்த நான்கு பெண்மணிகளும், நம் சாந்தா அம்மையாரும் பொறுமையாகக் கேட்டனர், நேர்மையாக எழுதினர். அவ்விரண்டு குணமும் நம்மிடம் இல்லாதவை அல்ல.

பெற்றோர்களே, பெரியோர்களே! உங்கள் பிள்ளைகள் ஒருநாள் பள்ளி விட்டு வந்து, "வாயைத் திறங்க, பார்க்கணும்" என்று கேட்டால் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். பல்லாயிரம் நோயாளிகள் தங்கள் துன்பத்தின் நடுவே சொல்லிச் சென்ற பாடத்தையே அவர்கள் உங்களிடம் கொண்டு வருகிறார்கள். அப்பாடத்தைக் கற்று, நம் வீட்டில் ஓர் உயிரையேனும் காத்தால், அதுவே அந்த நோயாளிகளுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.